பானையும் மிதக்கும்

யார் எதைக் கேட்டாலும் அத்தை உடனே பதில் சொல்லமாட்டாள். கேள்வி காதில் விழுந்துவிட்டது என்பது முகத்தில் தெரியும். உதடுகூட லேசாகப் பிரியும். ஆனால் பதில் வராது. காது கேட்கவில்லையோ என்று நாம் மறுபடி கேட்க வாயெடுக்கும் நேரம் பார்த்து, "ம், ஆமா" என்பாள். இரண்டு குரலும் மோதிக்கொள்ளும். தொலைபேசியில் பேசுகிறவர்களில் பாதிப் பேர் இதனாலேயே இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். பேருந்துக் கதவு திறந்ததும் எல்லோரும் ஏறுவார்கள், அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு நிற்பாள், கதவு மூடிவிடும். பிறந்தநாள் கேக் முன்னால் எல்லோரும் பாடி முடித்துக் கைதட்டத் தொடங்கிய பிறகு, கடைசி வரியை அவள் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருப்பாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான்.

அப்பா தன் தங்கைக்குப் 'பின்பாட்டு' என்று பேர் வைத்திருந்தார். "பின்பாட்டு கிளம்பிட்டாளா?" "பின்பாட்டுக்கு ஒரு தட்டு எடுத்து வைங்க, நாம கை கழுவுறப்பதான் வருவா." பிறகு அவள் உண்மையிலேயே பாட்டுக்காரி ஆனபோது, அந்தப் பேர் கேலியா பாராட்டா என்று எங்களுக்கே குழப்பமாகிவிட்டது.

பகலில் அத்தை ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். டாக்டரம்மா பல்லைக் குடையும்போது, நோயாளியின் வாயில் எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. அந்தக் குழாய் ஒரே சுரத்தில் இரையும். அத்தை அதற்கு மேலே இன்னொரு சுரத்தைப் பிடித்து மூக்கால் முனகிக்கொண்டிருப்பாள். நோயாளிகளின் பயம் குறைகிறது என்று டாக்டரம்மாவும் விட்டுவிட்டார். ஒருநாள் கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு வந்தவர், ஒரு பெரிய ஹோட்டலின் முன்கூடத்தில் பியானோ வாசிப்பவர். வாய் நிறையப் பஞ்சோடு, பேச முடியாமல் கையை ஆட்டி ஆட்டி எதையோ கேட்டிருக்கிறார். வலிக்கிறது போலிருக்கிறது என்று டாக்டரம்மா இன்னொரு ஊசி போட்டுவிட்டார். கொப்பளித்துத் துப்பிய பிறகு, மரத்துப்போன நாக்கோடு அவர் கேட்டது: "யாளு பாளினது?"

அத்தை ஒரு மூச்சு விட்டு, "நான்தான்" என்றாள்.

"அதேதான்! அதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"எதை?"

"லேட்டா வர்றதை."

எதற்காக எங்கள் வீட்டில் அவள் காலமெல்லாம் திட்டு வாங்கினாளோ, அதை 'எங்கே கற்றீர்கள்' என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜாஸ் பாட்டில் தாளம் முன்னால் போய்க்கொண்டிருக்க, குரல் அவசரப்படாமல் அதற்குச் சற்றுப் பின்னால் வந்து சேரவேண்டுமாம். அதைப் பழகப் பலர் வருஷக்கணக்கில் சிரமப்படுகிறார்களாம். அத்தைக்கு அது பிறவிக் குணம். அடுத்த சில மாதங்களில் அவள் வெள்ளி, சனிக்கிழமை மாலைகளில் அந்த ஹோட்டல் முன்கூடத்தில் பாடத் தொடங்கிவிட்டாள்.

அங்கே நீளக் கவுன் போட்டுக்கொண்டு பாடவேண்டும். தைத்துக் கொடுத்தவள் அம்மா. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். மற்றவர்களிடம் அளந்து கூலி வாங்குகிறவள். முதல் கவுனை முடித்து நூல் நறுக்கியபோது அத்தை கைப்பையைத் திறந்தாள்.

"காசெல்லாம் வேண்டாம், மூடு. எனக்குப் புரியுற மாதிரி ஒரே ஒரு பாட்டுப் பாடு. உங்க ஹோட்டலுக்கு வந்து உக்காந்தா, நீ என்னைத் திட்டுறியா வாழ்த்துறியான்னே தெரியல."

"பாடுறேன் அண்ணி. உனக்குன்னு ஒண்ணு, நம்ம பேச்சுல."

அதற்குப் பிறகு எத்தனையோ கவுன்கள் ஆகிவிட்டன. ஒவ்வொன்றின் விளிம்பையும் மடிக்கும்போது அம்மா, "பாட்டு?" என்பாள். அத்தை ஒரு மூச்சு விட்டு, "வருது அண்ணி" என்பாள். பின்பாட்டின் தாமதத்தை மன்னித்த ஒரே ஆள் அம்மாதான் என்று நான் நினைத்திருந்தேன். அம்மா மன்னிக்கவெல்லாம் இல்லை, எண்ணிக்கொண்டிருந்தாள்.

இசைத்தட்டு யோசனை பியானோக்காரருடையது. ஜாஸ் பாடுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், நீங்கள் லத்தீன் பாட்டும் போசா நோவாவும் பாடுங்கள், உங்கள் குரலுக்கு அதுதான் இடம் என்றார். போசா நோவா என்பது பிரேசில்காரர்களின் இசை, வார்த்தைகள் போர்ச்சுகீசிய மொழி. பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிற மாதிரி, சத்தம் போடாமல் பாடவேண்டும். அத்தை வீட்டில் பாடிப் பார்ப்பதைக் கேட்ட அம்மா சொன்னாள்: "நாள் முழுக்க அடுத்தவங்க வாயைத் திறக்கச் சொல்லிச் சொல்லி, இவ தன் வாயைத் திறக்காமலே பாடக் கத்துக்கிட்டா."

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தது வேதியியல். ஆனால் வீட்டாருக்குப் பட்டம் என்றால் பட்டம். தண்ணீர்க் குழாய் ஒழுகுவதிலிருந்து போர்ச்சுகீசிய மொழிவரை எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியாது என்றால், "அப்ப மூணு வருஷம் என்னதான் படிச்சே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நானும் தனியாக இருக்கும்போது கேட்டுக்கொள்வதுண்டு என்பதால் கோபம் இன்னும் அதிகமாக வரும். வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம் அது. "சும்மாதானே இருக்கே, அவகூடப் போயிட்டு வா" என்று அப்பா சொல்லிவிட்டார்.

அத்தை பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, மருத்துவமனையின் பழைய சந்திப்பு அட்டைகளின் பின்பக்கத்தில் தமிழில் எழுதி வைத்துக்கொள்வாள். முன்பக்கம் ஒரு கடைவாய்ப் பல் சிரித்துக்கொண்டிருக்கும். பின்பக்கம் 'கொராசாவ்', 'சவ்தாஜி' என்று என்னென்னவோ இருக்கும்.

"இங்கிலீஷ் எழுத்துல எழுதிக்கலாமே அத்தை?"

மூச்சு. "அதைக் கண்ணாலதான் படிக்க முடியுது. இதைத்தான் வாயால படிக்க வருது."

ஒவ்வொரு பாட்டிலும் ஒரு வார்த்தை எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டது. அதிகம் ஒட்டியது 'போச்சி'. ஒரு பாட்டில் ஒவ்வொரு வரியும் முடிந்த பிறகு கிதார் மட்டும் கொஞ்சம் ஒலிக்கும். பிறகு, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் வந்து, "போ...ச்சி" என்று அத்தை இறக்கி வைப்பாள். படகு என்று அர்த்தமாம், இணையத்தில் பார்த்துச் சொன்னேன். கரையில் நிற்கிற ஒருத்தி தன் சின்னப் படகைக் கூப்பிடுகிற பாட்டு. அப்பாவுக்கு அது 'போச்சு பாட்டு'. குழம்பு தீய்ந்தால், பேனா எழுதாவிட்டால், எல்லாவற்றுக்கும் அந்த ராகத்தில் "போச்சே" என்று பாடுவார். ஆனால் அந்தப் பாட்டில்தான் அத்தையின் தாமதம் முழுமையாக அமர்ந்தது. இசைத்தட்டின் உயிரே அதுதான் என்று பியானோக்காரர் சொல்லிவிட்டார். அதைத்தான் கடைசியில் பதிவு செய்வதென்று முடிவு.

பதிவு ஒரு டயர் கடையின் மாடியில் நடந்தது. கீழே டயர் உருட்டினால் மேலே ஒலிவாங்கி உறுமும் என்பதால், கடை மூடியிருக்கும் ஞாயிறு காலைகளில் மட்டும்தான் பாடமுடியும். மாதக் கடைசியோடு மாடியும் டயர் கடைக்காரரின் கிடங்காகிவிடும். வேறு இடம் பிடிக்க யாரிடமும் வசதியில்லை. அதற்குள் முடிக்கவேண்டும், முடிக்காவிட்டால் இல்லை.

இந்த நெருக்கடியில் அத்தை நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கதவைப் பூட்டிவிட்டுப் படியில் நிற்பாள். "என்ன அத்தை?" பதில் வராது. திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பேருந்து போய்விடும். அடுத்ததில் நான் ஏறி உள்ளிருந்து கையை நீட்டி இழுக்கவேண்டும். ஸ்டூடியோவுக்குப் போனால் எல்லோரும் காத்திருப்பார்கள். அவள் செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்து, ஒலிவாங்கிக்கு முன் நின்று, ஒரு மூச்சு. அந்த மூச்சில் கிதார்க்காரருக்குத் தாடை இறுகும். கடைசிக்கு முந்தின ஞாயிறு அவர் கிதாரைப் பெட்டியில் வைத்துவிட்டார். "பாட்டுல லேட்டா வந்தா அழகுதாங்க. பாட்டுக்கே லேட்டா வந்தா? உங்களுக்கு வாசிக்கறது கல்லுல நார் உரிக்கற மாதிரி இருக்கு." போனவர் திரும்பவில்லை.

ஆகவே கடைசி ஞாயிறன்று பியானோக்காரர் ஒரு புது ஆளை அழைத்து வந்திருந்தார். துறைமுகத்தில் நின்றிருந்த ஓர் உல்லாசக் கப்பலில் கிதார் வாசிப்பவர். அவர் அம்மாவின் மொழி போர்ச்சுகீசியம். எங்கள் மொழி அவருக்குத் தெரியாது. பியானோக்காரரோடு ஆங்கிலத்தில் பேசினார். என் அம்மாவும் வந்திருந்தாள். அட்டைப்படம் அன்றே எடுப்பதாக இருந்தது. புதுக் கவுனின் இடுப்பு சற்றுத் தளர்வு. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அத்தையின் பின்னால் மண்டியிட்டிருந்தாள்.

பாட்டு தொடங்கியது. முதல் வரி. கிதார். "போ...ச்சி." கப்பல்காரர் தலை நிமிர்ந்தார். இரண்டாவது வரி. "போ...ச்சி." அவர் தோள் குலுங்கியது. மூன்றாவதற்குக் கிதார்மேல் கவிழ்ந்துவிட்டார். பியானோக்காரர் பதறிப்போய் விசாரித்தார். இருவரும் ஏதோ பேசினார்கள். பியானோக்காரரின் முகம், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் படுத்தவர் முகம் போல ஆகிவிட்டது.

"அந்தக் கடைசி வார்த்தையை என்னன்னு நினைச்சுப் பாடுறீங்க?"

அத்தை, வழக்கம்போல நேரமெடுத்து, "படகு" என்றாள்.

"நீங்க பாடுறது பானை."

"என்னது?" இது குண்டூசிகளுக்கிடையிலிருந்து அம்மா.

"பானைங்க. 'அலை பெரிசா இருக்கு, என் சின்னப் பானையே வா, என்னை ஏத்திக்கிட்டுப் போ'ங்கறாங்க."

அம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மணிக்கட்டுப் பஞ்சில் குத்திவிட்டு, பிறகுதான் சிரித்தாள். "வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழி உடையும்னு கேட்டிருக்கேன். இங்க தாழியே வந்து பாட்டுல உக்காந்திருக்கு."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். 'போச்சி'. தப்பே இல்லை. தமிழில் இதற்குமேல் எழுத வழியும் இல்லை. பல்லுக்கும் அதே ப, பஸ்ஸுக்கும் அதே ப. எதை எப்படிச் சொல்வதென்று நமக்கு வழக்கத்தால் தெரியும். இந்த வார்த்தை நமக்கு வழக்கமில்லை. படகுக்கு பஸ்ஸின் ப வேண்டும். அத்தை பல்லின் ப போட்டிருக்கிறாள். பல் ஆஸ்பத்திரிக்காரி வேறு எதைப் போடுவாள்?

"அவ்வளவுதானே," என்றாள் அத்தை. "பஸ் ப போட்டாப் போச்சு."

"அந்தப் 'போச்சு'வை மட்டும் இப்பச் சொல்லாதே," என்றாள் அம்மா.

போட்டாள். வார்த்தை சரியாக வந்தது. கூடவே அவளும் சரியாக வந்துவிட்டாள். தாளம் விழுகிற அதே இடத்தில், பள்ளிக்கூட மணியடித்தது போல. பாட்டு செத்துவிட்டது. பியானோக்காரர், "என்னங்க, கரெக்டா வந்துட்டீங்க?" என்று குற்றம் சொல்கிற குரலில் கேட்டார்.

மறுபடி. மறுபடியும் கரெக்ட். ஸ்டூடியோக்காரர் கணினித் திரையைக் காட்டினார். பல் ப போட்ட இடத்தில் கோடு தட்டையாக ஓடி, பிறகு சட்டென்று எழும்பியது. பஸ் ப போட்ட இடத்தில் எழும்புவதற்கு முன்பே ஒரு சின்ன மேடு. "பாருங்க, உதடு திறக்கறதுக்கு முந்தியே தொண்டை முனக ஆரம்பிச்சுடுது. அந்த முனகல்தான் முன்னாடி இழுத்துட்டு வந்துடுது."

காலமெல்லாம் நேரத்துக்கு வா, நேரத்துக்கு வா என்று நாங்கள் கெஞ்சிய அத்தை, ஒரே ஒருநாள் நேரத்துக்கு வந்தாள். அன்று அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து கத்தவேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? அத்தையையா, எழுத்தையா?

வேண்டுமென்றே தாமதித்துப் பார்த்தாள்; விக்கல் மாதிரி இருந்தது. கண்ணை மூடிப் பார்த்தாள். பேருந்தை நினைத்துக்கொண்டு பாடிப் பார்த்தாள். இதற்கிடையே டயர் கடைக்காரர் அளவு நாடாவோடு வந்து, "நீங்க பாடுங்க, நான் அலமாரிக்கு அளந்துட்டுப் போயிடுறேன்" என்று சுவரோரமாக அளக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பதிவிலும் நாடா சுருண்டு ஓடுகிற சத்தம்.

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"படகுதானே வேணும் உங்களுக்கு? படகுன்னே பாடித் தொலையேண்டி! அதுல பல் ப தானே இருக்கு?"

பியானோக்காரர் விரல்களால் முழங்காலில் தட்டிப் பார்த்தார். "ப, ட ரெண்டையும் சேர்த்து ஓட்டிட்டு, கேயை இழுங்க," என்றார்.

வரி முடிந்தது. கிதார் ஒலித்து அடங்கியது. தாளம் போய்விட்டது, இனி வரமாட்டாள் என்று தோன்றிய இடத்தில், "படகே..." என்றாள்.

அளவு நாடா நின்றது. அம்மா கையிலிருந்த கவுன் விளிம்பு நழுவியது. அவ்வளவு வருஷங்களில் அத்தை வாயிலிருந்து அம்மாவுக்குப் புரிந்த முதல் பாட்டு வார்த்தை அது. கப்பல்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஸ்டூடியோக்காரர், "இதையே வெச்சுக்கலாம்" என்று பெருமூச்சு விட்டார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. இசைத்தட்டும் முடிந்தது, அம்மாவின் பாட்டும் வந்தது, வீட்டுக்குப் போகலாம்.

அத்தை காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். ஒரு மூச்சு.

"வேண்டாம்."

"ஏண்டி?"

"அண்ணி, இது உனக்குத் தரவேண்டியது. ஒட்டுத்துணியாத் தரமாட்டேன். நீ எனக்கு ஒட்டுப் போட்டா கவுன் தைச்சே? உனக்கு முழுசா ஒண்ணு பாடுறேன்."

"ஒட்டோ கிட்டோ, கையில கிடைச்சா நான் வாங்கிக்குவேன்டி."

"இல்ல அண்ணி. முழுசா."

"எப்ப?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அத்தையிடமிருந்து தாமதமாகக்கூடப் பதில் வரவில்லை.

"சரி, அப்ப இந்தப் பாட்டை என்ன பண்றது?" என்று பியானோக்காரர் கேட்டார். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். இல்லாவிட்டால் கை எதையாவது செய்திருக்கும்.

"பானையே இருக்கட்டும்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "அத்தை, இது பதிவாகுது. யார் யாரோ கேப்பாங்க. தெரிஞ்சே யாராவது தப்பாப் பாடுவாங்களா?"

"தெரியாமப் பாடினேன், நல்லா இருந்துச்சு. தெரிஞ்சும் பாடிப் பாக்கறேன்." பிறகு கப்பல்காரர் பக்கம் திரும்பி, "பானையும் மிதக்கும்ல?" என்றாள்.

பியானோக்காரர் வேண்டாவெறுப்பாக மொழிபெயர்த்தார். கப்பல்காரர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். தலையாட்டினார். கிதாரின் ஒரு தந்தியைத் திருகிச் சரிசெய்துகொண்டார். டயர் கடைக்காரரை அம்மா கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். ஒரே தடவை, அதில் பாட்டு முடிந்துவிட்டது. அவள் பானையைக் கூப்பிட்ட விதத்தில், அந்தப் பானை வரும் என்று எனக்கே தோன்றியதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. அது என் எரிச்சலை இன்னும் கூட்டியது.

இசைத்தட்டு வெளிவந்தது. அட்டையில் அத்தை புதுக் கவுனில் நிற்கிறாள். இடுப்பில் எடுக்க மறந்த ஒரு குண்டூசி, உற்றுப் பார்த்தால் தெரியும். மருத்துவமனையில் டாக்டரம்மா அதை ஓடவிட்டார். வாய் நிறையப் பஞ்சோடு படுத்திருந்தவர்கள்தான் அதன் முதல் ரசிகர்கள். எதிர்ப்பு சொல்ல அவர்களுக்கு வழியில்லை. கப்பல்காரரின் அம்மா அதைக் கேட்டுவிட்டு, 'அந்தப் பானைக்காரிக்கு என் அன்பு' என்று சொல்லியனுப்பினாராம். சில மாதங்கள் கழித்து, அந்தக் கப்பலின் பாடகி வேலையை விட்டுவிட, பானைக்காரிக்கு அழைப்பு வந்தது. ஒரு வாரத்தில் பதில் சொல்லவேண்டும்.

அத்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கடைசி நாள் அப்பா பொறுக்கமாட்டாமல், "பின்பாட்டு, கப்பல் பஸ் இல்ல. அடுத்தது பின்னாடியே வராது" என்றார். அன்றுதான் வருகிறேன் என்று சொல்லியனுப்பினாள்.

போகிற அன்று அம்மா அவள் பெட்டியில் கவுன்களை மடித்து அடுக்கினாள். புதிதாக ஒன்றும் இருந்தது. கேட்கவே மாட்டாள் என்று நினைத்தேன். பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடும்போது, "பாட்டு?" என்றாள்.

"வருது அண்ணி."

"நீதான் போறே. பாட்டு எங்க வருது?"

அத்தை வாசலில் நின்றாள். உதடு பிரிந்தது. கீழே வண்டிக்காரர் ஒலிப்பானை அமுக்கினார். நான் அவள் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டேன்.

இப்போது கப்பலிலிருந்து அவ்வப்போது அழைக்கிறாள். கடல் தாண்டி வருகிற குரல் எப்படியும் சற்றுப் பிந்தித்தான் வருகிறது. அதில் கடலின் தாமதம் எவ்வளவு, அத்தையின் தாமதம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எங்களால் முடிவதில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லு", "நீ சொல்லு" என்று அழைப்பு முடிந்துவிடும். போன தடவை அம்மா அதற்கெல்லாம் இடம் கொடுக்காமல், எடுத்ததுமே கேட்டாள். வெகுநேரம் கழித்து, "முதல் வரி வந்துடுச்சு அண்ணி" என்று கேட்டது. என்ன வரி என்று கேட்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

அம்மா தைக்கும்போது அந்தப் போச்சுப் பாட்டை முனகுகிறாள். வரிகளுக்கு அவளிடம் வார்த்தை இல்லை. ம்ம்ம் என்றுதான் போகிறது. வரி முடிகிற இடத்தில் மிதியை நிறுத்துகிறாள். ஊசி துணியில் நிற்கிறது. ஒரு மூச்சு கழித்து, "படகே" என்கிறாள். மிதி மறுபடி ஓடுகிறது. மற்ற வரிகளெல்லாம் அத்தை தரவேண்டியவை.